பாதி நிறம் என்றாலே கேரியர் என்று அர்த்தமில்லை

"பரம்பரை வரைபடத்தில் பாதி நிறமிட்ட சின்னம் என்றால் கேரியர், உலகம் முழுக்க ஒரே விதி" என்று எழுதியிருக்கிறீர்கள். (பரம்பரை வரைபடம் என்பது குடும்பத்தில் ஒவ்வொருவரையும் ஒரு சின்னமாக வரைந்து, யாருக்கு என்ன நோய் என்று காட்டும் படம்; கேரியர் என்றால் நோய்க்கான மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்.) பாடநூல்களில் அப்படிப் போடுவது உண்டு, சரி. ஆனால் அமெரிக்காவின் தேசிய மரபணு ஆலோசகர்கள் சங்கத்தின் பணிக்குழு 1995-இல் தரப்படுத்தியபோது, நோய் வெளிப்படாத கேரியருக்குச் சின்னத்தின் நடுவே ஒரு புள்ளியைத்தான் வைத்தது. இப்போது அறிகுறி இல்லை, ஆனால் பின்னாளில் வரக்கூடும் என்றால் (ஹன்டிங்டன் நோய் மாதிரி) புள்ளி கிடையாது, நடுவில் செங்குத்துக் கோடு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், பின்னால் நோய் வரக்கூடியவரை "ஒன்றும் வராது" என்று படித்துவிடுவோம்.

சின்னத்தைப் பிரித்து நிறமிடுவது வேறு வேலைக்கு: ஒரு கால்பகுதி மார்பகப் புற்று, இன்னொன்று பெருங்குடல் புற்று என்று நோய்களைத் தனித்தனியாகக் காட்ட. உங்கள் விதிப்படி பார்த்தால் புற்றுநோய் வந்தவரே வெறும் கேரியர் ஆகிவிடுவார்! எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று படத்தின் ஓரத்தில் விளக்கம் எழுத வேண்டும் என்பதும் அதே தரப்படுத்தலில் உண்டு. பலர் அதை எழுதுவதே இல்லை.

அப்புறம், சின்னத்தின் குறுக்கே போகும் சாய்கோடு இறந்தவரைக் குறிக்கும், நோயை அல்ல.