வெடிச்சவங்ககிட்ட யாரும் சான்று கேக்கல

மூணு மாசமா எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில தட்டு வைக்க இடமில்லை. முழுக்கப் பக்கத்து வீட்டுப் பாட்டியோட காகிதம். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கியில குடியிருக்கேன். பாட்டி தலைமுறை தலைமுறையா நியூ மெக்சிகோக்காரங்க, வீட்ல ஸ்பானிஷ். "கதிர்வீச்சு இழப்பீட்டுக்கு மனு போடணும், கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு, கொஞ்சம் பாரேன்"னு கேட்டாங்க. ஒரு சாயங்கால வேலைதானேன்னு தலையை ஆட்டித் தொலைச்சேன்.

1945 ஜூலை 16, விடிகாலை 5:29. உலகத்தோட முதல் அணுகுண்டை இந்த மாநிலத்துலதான் வெடிச்சுப் பார்த்தாங்க. டிரினிட்டி சோதனை. சுத்துப்பட்டு சனத்துக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லல, யாரையும் கிளப்பி அனுப்பல. சாம்பல் கூரையில விழுந்துச்சு. அந்தக் கூரைத் தண்ணியைத் தொட்டியில பிடிச்சுத்தான் குடிச்சாங்க. பாட்டியோட வீட்டுக்காரருக்கு அப்ப நாலு வயசு, இதே மாநிலத்து டுலரோசா ஊர்ல. 1991ல வயித்துல புத்துநோய் வந்து போயிட்டார்.

இழப்பீட்டுச் சட்டம் 1990லயே வந்தாச்சு. நெவாடா மாநில அணுகுண்டுச் சோதனைக் காத்து அடிச்ச ஊர்க்காரங்களுக்கு உண்டு, யுரேனியம் சுரங்கத்துல வேலை பார்த்தவங்களுக்கு உண்டு. முதல் குண்டு வெடிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே இருந்தவங்களுக்கு மட்டும் இல்லை! 2025 ஜூலையிலதான் சேர்த்தாங்க, 1 லட்சம் டாலர்னு. 35 வருஷம் ஆற அமர யோசிச்சவங்க நமக்குக் கொடுத்த கெடு 2027 டிசம்பர் 31.

சரி, கொண்டு வான்னு கேக்குறது என்னன்னு பாருங்க. 1944 செப்டம்பர் 24லேர்ந்து 1962 நவம்பர் 6க்குள்ள ஒரு வருஷமாவது அவர் அங்க இருந்ததுக்கு ஆதாரம். நோய்க்கு ஆதாரம். கல்யாணச் சான்று, இறப்புச் சான்று; ஜெராக்ஸ் செல்லாது, முத்திரை வச்ச நகல் வேணும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நாப்பது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு குரல், "அவ்வளவு பழைய ரெக்கார்டை அழிச்சிருப்போம், இருந்தாலும் நோயாளியே கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கணும்." அவர் செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆகுதுங்கன்னேன். "அப்ப அவரோட அடையாள அட்டை நகல் போதும்." எனக்கு வந்த கோவத்துக்குப் போனைச் சுவத்துல எறிஞ்சிருப்பேன். பாட்டி பக்கத்துல உக்காந்திருந்தாங்க.

பேர் இன்னொரு கூத்து. மருத்துவச்சி கையில வீட்லயே பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவுல ஹோசே. பள்ளிக்கூடத்துல வாத்தியார் வாய்க்கு வந்தபடி ஜோ. இறப்புச் சான்றுல ஜோசப். மூணும் ஒரே ஆள்னு நிரூபிக்கணும். இனிஷியலை விரிச்சு எழுதினதுக்காக என் பாஸ்போர்ட் நாலு மாசம் தொங்கின கதையெல்லாம் அன்னிக்கு ஞாபகம் வந்துச்சு.

இத்தனை முத்திரை கேக்குறாங்களே, அன்னிக்கு ராணுவம் பத்திரிகைக்குக் கொடுத்த காகிதத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? அலமகோர்டோ விமானத் தளத்துல வெடிமருந்துக் கிடங்கு ஒண்ணு வெடிச்சிருச்சாம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம். குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடியே தயார் பண்ணி வச்ச பொய். அதுக்கு எந்த நோட்டரி கையெழுத்துப் போட்டான்? அரசாங்கம் காகிதத்துல புளுகலாம், கிழவி காகிதத்துல ஒரு எழுத்து மாறக்கூடாது!

போன வாரம் ஒரு வெளிச்சம். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை 2022லயே இணையத்துல திறந்து விட்டுட்டாங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கிறுக்கல் கையெழுத்தைப் படிச்சு, டுலரோசா, பாட்டி வீட்டுக்காரரோட அப்பா பேர், அம்மா பேர், எல்லாம் கண்டுபிடிச்சேன். கடைசி வரியில பையன். வயசு எட்டு. உறவு: மகள். பால்: பெண்.

காலையில பாட்டிகிட்ட காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு ரெண்டு தடவை பார்த்தாங்க. இந்த மூணு மாசத்துல முதல் தடவையா சிரிச்சாங்க. "அந்த மனுஷனுக்கு நாலு புள்ளை பெத்திருக்கேன்டி, அதுக்கும் முத்திரை வச்ச நகல் வேணுமாமா?"

வேணும் பாட்டி. நாளைக்குப் பத்து மணிக்கு நோட்டரி.