மேடையில் வசை, வாசலில் நெல்

கடந்த மாசியில், மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு கட்சியின் பொதுக்கூட்டம் நடந்தது. மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நெல் கொள்முதல் நிலையம். அதன் வாசலில் பத்து நாட்களாக எடை போடாத நெல் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பதால், பகலெல்லாம் நெல்லைக் கிளறிக் காயவிட்டு, பனி இறங்குமுன் மூடி மூடி அலுத்துப்போனவர்கள், இதைப் பற்றி யாராவது வாய் திறப்பார்கள் என்றுதான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச வந்தவரோ, மாற்றுக் கட்சித் தலைவர் ஒருவரின் மனைவியைப் பற்றியும் பிறப்பைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் விசில் பறந்தது. என் அருகிலிருந்த பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். "வா தம்பி, நெல்லுக்காவது காவல் இருப்போம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடுமையாகப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய்க்கால் தூர்வாரிய கணக்கைக் கேட்கட்டும், கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று குரலை உயர்த்தியே கேட்கட்டும். அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு பதில் சொல்லியாக வேண்டும். ஒருவருடைய வீட்டுப் பெண்களை இழுத்தால், பதிலுக்கு அவரும் இழுப்பார், கணக்குக் கேள்வியிலிருந்து இருவருமே தப்பித்துவிடுவார்கள். விமர்சனம் கொள்கையோடும் செயல்பாட்டோடும் நிற்க வேண்டும், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளே சொல்கின்றன. ஆனால் அவை தேர்தல் காலத்துக்கு மட்டும்தான்.

வெறுப்புப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பது காவிரிக்காரர்களான நமக்குத் தெரியாததல்ல. 1991இல் காவிரி நீர்ப் பங்கீட்டு நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவைத் தொடர்ந்து கர்நாடகத்தில் கலவரம் மூண்டு, தமிழ்க் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு ஓடிவந்தன. அந்தக் காயம் ஆறாதிருந்தும், 2003இல் இரு மாநில உழவர்களும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் ஒன்றாக உட்கார்ந்தார்கள், ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். வழக்கு அதனால் முடியவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம்தான் நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) தண்ணீர் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் நீருக்காக எதிரெதிரே நின்றவர்களால், ஒருவர் தாயை ஒருவர் ஏசாமல் பயிரையும் மழையையும் வைத்து வாதிட முடிந்திருக்கிறதே! ஒரே தெருவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த நமக்கு ஏன் அது முடியாமல் போகிறது?

பெரியம்மாவின் நெல்லை மூன்று நாள் கழித்து எடை போட்டார்கள். அன்று விசிலடித்த பையன்களில் இருவர் வீட்டு நெல்லும் அதே வரிசையில்தான், அவர் நெல்லுக்குப் பின்னால் கிடந்தது.