401 என்பது இரவுகளின் கணக்கு

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம், வாகனங்கள் ஓடும் சாலைத் தளத்தை மாற்றுவதற்காக 401 நாள் மூடிக் கிடந்தது என்று ஒருவர் எழுதியிருப்பது பிழை. அந்த எண் வேலை நடந்த இரவுகளின் கணக்கு. 1937இல் திறக்கப்பட்ட பாலத்தின் கான்கிரீட் தளத்தில் மூடுபனியின் உப்பு இறங்கி, உள்ளே இருந்த எஃகுக் கம்பிகளை அரித்துவிட்டதால், அதை 747 துண்டுகளாகப் பிரித்து மாற்றினார்கள். இரவில் சில தடங்களை மட்டும் மறித்து, பழைய துண்டை அறுத்தெடுத்து, முன்கூட்டியே செய்து வைத்திருந்த எஃகுத் தளத் துண்டை அந்த இடைவெளியில் இறக்கிப் பொருத்தி, காலை நெரிசல் தொடங்குவதற்குள் சாலையைத் திறந்துவிடுவார்கள். இரவில் சென்றவர்களுக்குத் தாமதம் ஏற்பட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. கடைசித் துண்டு 1985 ஆகஸ்டில் பொருத்தப்பட்டது. புதிய தளம் பாலத்துக்குப் பாரமாயிற்று என்று அவர் சேர்த்திருப்பதும் தவறு. எடை சுமார் 12,300 டன் குறைந்தது.