நூறு சதவீதத் தேர்ச்சியின் லட்சணம்

ஒன்பதாம் வகுப்பில் சுமாராகப் படிக்கும் பிள்ளையை டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்க்கச் சொல்லி ஒரு தனியார் பள்ளித் தலைமை ஆசிரியர் பெற்றோரிடம் பேசிய அந்தக் குரல் பதிவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், நான் மறுபடியும் பகிரப் போவதில்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது அந்தத் தலைமை ஆசிரியரின் பேச்சுகூட அல்ல. அவர் இப்படிப் பேசாவிட்டால்தான் ஆச்சரியம். அதன் கீழே "பள்ளிக்கும் ரிசல்ட் முக்கியம்தானே", "வேறு பள்ளியில் சேர்த்துவிட்டால் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எவ்வளவு தாராள மனது உங்களுக்கு! அடுத்தவர் பிள்ளை என்றால் மட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை டிசி கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை மட்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைத்தால் நூறு சதவீதம் வராமல் என்ன செய்யும்? பாஸாக ஒரு பாடத்துக்கு 35 மதிப்பெண் போதும். அந்த 35-ஐ வாங்க வைக்க முடியாது என்று பத்து மாதம் முன்பே கைவிரிக்கும் பள்ளிக்கு எதற்கு இத்தனை ஆயிரம் கட்டணம்? தானாகப் படிக்கிற பிள்ளையைப் பாஸாக்க ஒரு பள்ளி தேவையா?

ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்ற முடியாது. அதுவரை பொறுமையாகக் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். சட்டத்தின் பிடி விட்டதும் பையனின் "எதிர்காலம்" பற்றிக் கவலை வந்துவிடும்.

என் அக்கா மகனுக்கு நடந்தது இதுதான். பள்ளி வேறு, பேச்சு அதே பேச்சு. எல்.கே.ஜி.யிலிருந்து அங்கேயே படித்தவன். கணக்கு வராது, மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏப்ரலில் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீரெல்லாம் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்கள். அலுவலகத்தில் இருந்தவர் சொல்லச் சொல்ல அக்காவே தன் கையெழுத்தில் விண்ணப்பம் எழுதினாள். டிசியில் வெளியேறும் காரணம் என்ற இடத்தில் "பெற்றோரின் விருப்பம்" என்று இருந்தது. யாருடைய விருப்பம் ஐயா? அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவளின் விருப்பமா?

"தனியார் பள்ளி என்றால் வியாபாரம்தான்" என்பீர்கள். சரி, கடைக்காரன்கூட வாங்கிய காசுக்குச் சரக்கு கொடுக்கிறான்.

"பையனுக்கும் அதுதான் நல்லது, மன அழுத்தம் குறையும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பதினான்கு வயதில், கூடப் படித்த அத்தனை பேரும் அதே வகுப்பறையில் இருக்க, நீ மட்டும் வேண்டாம் என்று சொன்னால் மன அழுத்தம் குறையுமா? எனக்கும் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் கணக்கு ஃபெயில். அரசுப் பள்ளி. கணக்கு ஆசிரியை மாலையில் எங்களைப் பிடித்து உட்கார வைத்து, வடிவியலும் வரைபடமும் மட்டும் திரும்பத் திரும்பப் போட வைத்தார். வரைந்தால் மதிப்பெண் நிச்சயம் என்பார். அளவுகோலால் அடியும் விழும், அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் போ என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"அரசுப் பள்ளியில் மட்டும் நடக்கவில்லையா?" என்பவர்களுக்கு: சில இடங்களில் நடக்கிறது. தேர்ச்சி குறைந்தால் அங்கேயும் தலைமை ஆசிரியரிடம் விளக்கம் கேட்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

அரசு செய்வதும் விசித்திரம். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் கூத்தை 2017இல் நிறுத்தினார்கள். நல்லது. ஆனால் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளிகள் இத்தனை என்று ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பதை விடவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வே வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இனி என்ன நடக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டுமா?

நான் கேட்பது ஒன்றுதான். நூறு சதவீதம் என்று பிளெக்ஸ் அடிக்கும்போது, ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் போடுங்கள். மாணவர் விவரமெல்லாம் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கிறது, கல்வித்துறை நினைத்தால் ஒரு மணி நேர வேலை. நினைக்க மாட்டார்கள்.

தைரியம் இருந்தால் அக்கா மகன் படித்த பள்ளியின் பெயரைச் சொல் என்று பின்னூட்டத்தில் வராதீர்கள். சொல்ல மாட்டேன். அவன் தங்கை இன்னும் அங்கேதான் ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.