முப்பது நாளில் ஜெர்மனாம்!

‘30 நாளில் ஜெர்மன் பி1’ (ஆறு நிலைகளில் மூன்றாவது) தேர்வுக்குத் தயாராகலாம் என்கிற அந்த வீடியோவில், ஜெர்மன் வகுப்பு எடுக்கும் என்னை டேக் செய்த அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பதில். பார்த்தேன். 1500 சொல் பிடிஎஃப்பையும் பார்த்தேன். தினமும் ஐம்பது சொல், இரண்டு தடவை வாசித்தால் போதுமாம்.

ஆரம்பத்திலிருந்து பி1 வரை போக 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை ஆகும் என்று தேர்வை நடத்தும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டே சொல்கிறது. குறைந்தபட்சம் 260 மணி நேரம். முப்பது நாளில் முடிக்க நாளுக்கு ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும். நைட் டியூட்டி முடித்து வரும் நர்ஸ் பெண்ணிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பட்டியலை வாசிப்பது படிப்பே இல்லை. கண்ணுக்குப் பழகிவிடும், தெரிந்துவிட்டது என்று மனசும் நம்பிவிடும். மூடி வைத்துவிட்டுச் சொல்ல வருகிறதா? வரவில்லையா? அப்போது தெரியாது என்றுதான் அர்த்தம்.

நாளுக்குப் புதிதாகப் பன்னிரண்டு, பதினைந்து சொல் போதும். அட்டையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஜெர்மன். மேசைக்கு வெறும் ‘டிஷ்’ என்று எழுதாதீர்கள். ‘டேர் டிஷ், டி டிஷ’ என்று, சொல்லின் ஆண்பால், பெண்பாலைக் காட்டும் ஆர்ட்டிக்கிளும் (ஆங்கில ‘தி’ மாதிரி) பன்மையும் சேர்த்து எழுதுங்கள். அதே மேசை செயப்படுபொருளானால் ‘டேன் டிஷ்’ ஆகிவிடும். சொல் எந்தப் பால் என்று தெரியாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இடைவெளி விட்டு எடுத்துப் பாருங்கள். தவறிய அட்டை மறுபடி முதல் நாளுக்குத் திரும்பும். ஆங்கி செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்வதும் ஆபத்து (இங்கே நான் எழுதுவது வேறு வழியில்லாமல்). பெட்டி கட்டுவதும் (packen) கேக் சுடுவதும் (backen) நம் எழுத்தில் ஒரே ‘பாக்கன்’தான்.

ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே மெதுவாக வாசித்த செய்திகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. ஒரு நிமிடத் துண்டு எடுங்கள். பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள், காதில் விழுந்ததை எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் சின்னச் சொற்களாகவே இருக்கும். கடைசியில் கூடவே சேர்ந்து சொல்லுங்கள். பி1 கேட்டல் தேர்வில் நான்கில் இரண்டு பகுதிகள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். பிடிஎஃப் அங்கே வந்து கை கொடுக்காது.

எனக்கு ‘ஃபீஸ் போய்விடும் என்ற பயம்’ என்று கமெண்ட் போட்ட தம்பிக்கு: ஐபோனில் மட்டும் ஆங்கிக்குக் காசு, மற்றபடி மேலே சொன்ன எதற்கும் பெரிதாகச் செலவில்லை. போதுமா? ‘வசதியில்லாதவர்களுக்கு அந்த பிடிஎஃப்பாவது உதவட்டுமே’ என்கிறீர்கள் இன்னும் சிலர். நியாயமான கேள்வி. ஆனால் தேர்வுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுபவரும் அவர்தானே?

இதைவிட வயிறு எரிவது, தேர்வில் அப்படியே எழுதச் சொல்லி விற்கிற ‘முப்பது கடிதம் மனப்பாடம்’ பொட்டலம். பி1 எழுத்துத் தேர்வுக்கு 60 நிமிடம், மூன்று பணிகள்: 80 சொல்லில் நண்பருக்கு மின்னஞ்சல், 80 சொல்லில் கருத்து, 40 சொல்லில் மரியாதையான மின்னஞ்சல். மின்னஞ்சல்களில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேள்வியிலேயே இருக்கும். பிறந்தநாள் விருந்துக்கு ஏன் வர முடியவில்லை என்று கேட்டிருக்க, மனப்பாடம் செய்த வீட்டு வாடகைக் கடிதத்தை இறக்கி வைத்தால், இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தப் பணிக்கு சைபர்தான். எழுத்துத் தேர்வில் தேற நூற்றுக்கு அறுபது வேண்டும். பொட்டலம் விற்றவரா அதை எடுத்துக் கொடுக்கப் போகிறார்?