பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்

போன சனிக்கிழமை நான் போட்ட டிவி சீரியல் விமர்சனப் பதிவின் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்ப எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே கமெண்ட் போட்ட அந்த சார் யார் என்றும் எழுதப் போவதில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாசிப்பு, இலக்கியம் என்று பேசுகிறவர்களுக்கு அவரைத் தெரியும். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு, இன்னும் இருக்கிறது. அவர் எழுதியது ஒரே வரி. "வேலைவெட்டி இல்லாத பொம்பளைகள் உட்கார்ந்து அழுவதற்கு எடுப்பதற்கெல்லாமா விமர்சனம்?" அதற்கு 43 பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். அதில் 6 பேர் எங்கள் வீட்டில் வந்து கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டவர்கள்.

ஐந்து நாள் ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நடுங்கியது. இன்று கொஞ்சம் ஆறியிருக்கிறது.

சார், நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் ஒரு பகுதியாவது முழுசாகப் பார்த்தீர்களா? கூட்டத்தில் ஒரு பையன் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு நாவலைப் பற்றிப் பேச எழுந்தபோது நீங்கள் அவனை நிறுத்தி, "வாசித்துவிட்டு வா தம்பி" என்று உட்கார வைத்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீங்கள் செய்தது சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன். அந்தச் சட்டம் சீரியலுக்கு மட்டும் எப்படிச் சார் இல்லாமல் போயிற்று?

நான் அழுது வடிந்து ஒன்றும் எழுதவில்லை. இரண்டு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினேன். 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடியது. 'எதிர்நீச்சல்' 2022-இல் வந்தது, பிறகு அதன் தொடர்ச்சியும் வந்தது. இரண்டையும் இயக்கியவர் திருச்செல்வம். கோலங்களில் தேவயானி நடித்த அபி குடும்பம், தொழில், துரோகம் எல்லாவற்றையும் தன் ஒற்றைத் தோளில் சுமப்பாள். தோள் கொடுக்க ஒரு தோழன் உண்டு, தொல்காப்பியன். அந்த வேஷத்தில் இயக்குநரே நடித்தார். எதிர்நீச்சலில் ஒரே வீட்டில் நான்கு மருமகள்கள். படித்த பெண்கள், அடுக்களைக்குள் அடைபட்டவர்கள். தொடக்கத்தில் ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது. மெல்ல மெல்ல நான்கு பேரும் ஒரு பக்கம் வந்து நிற்கிறார்கள். இரண்டு கதையிலும் எதிரில் நிற்கிற ஆண் பெயர் ஆதி. இருபது வருஷத்தில் அதே மனிதர் கையில் கதை 'ஒருத்தி'யிலிருந்து 'நாலு பேர்' என்று மாறியிருக்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தேன். அதுதான் என் பதிவு. இதில் எங்கே சார் அழுகை? பதிவையும் நீங்கள் வாசிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீரியல் என்ற சொல்லைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

போன மாதம் கொரியத் தொடர் ஒன்றைப் பார்த்துவிட்டு நீங்களே நீளமாக எழுதியிருந்தீர்கள். மாமியார் கொடுமை, பணக்காரக் குடும்பம், மறைக்கப்பட்ட பிறப்பு, பழிவாங்கல் எல்லாம் அதிலும் இருந்தது. அதை 'மனித மனத்தின் ஆழம்' என்றீர்கள். நானும் விருப்பக்குறி போட்டேன், மனசாரத்தான் போட்டேன். அதே ஆழம் தமிழில், ராத்திரி ஒன்பதரை மணிக்கு, இடையிடையே சோப்பு விளம்பரத்தோடு வந்தால் வேலைவெட்டி இல்லாதவர்களின் அழுகை ஆகிவிடுமா? கீழே எழுத்து ஓடினால் ரசனை, ஓடாவிட்டால் இல்லையா?

இழுக்கிறார்கள் என்பீர்கள். ஆமாம், இழுக்கிறார்கள். அதைச் சொல்ல நீங்கள் வர வேண்டாம், தினமும் பார்க்கிற எங்களைவிட யாருக்கு அது தெரியும்? கோலங்கள் 1500 பகுதிகளுக்கு மேல் போனது. ஒரு கல்யாணத்தை மூன்று வாரம் காட்டுவார்கள். கன்னத்தில் விழுகிற ஒரு அறையை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுவார்கள். கதவு திறக்கும், ஒவ்வொரு முகமாகத் திரும்பும், அதற்குள் அன்றைய பகுதி முடிந்துவிடும். இதையெல்லாம் நான் எத்தனை சனிக்கிழமை எழுதியிருக்கிறேன்! பெண்ணை அடிப்பதை நியாயப்படுத்திய ஒரு காட்சியைப் பற்றிப் போன வருஷம் நான் எழுதியபோது, "இவ்வளவு கோபம் எதற்கு, வெறும் சீரியல்தானே" என்று ஒருவர் சொன்னார். திட்டினால் 'வெறும் சீரியல்', பாராட்டினால் 'இதற்கெல்லாமா'. நாங்கள் என்னதான் பேசலாம்?

நேரம் வீண் என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஐபிஎல் இரண்டு மாதம் ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து வீடுகளில் சீரியல் பார்ப்பது மதுரையில், சேலத்தில் பார்ப்பது மாதிரி இல்லை. நமக்கு இரண்டு மொழி. தமிழில் வந்த 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' மலையாளத்தில் 'சாந்த்வனம்' ஆனது. வங்காளத்து 'ஸ்ரீமயி' இங்கே 'பாக்கியலட்சுமி' ஆனாள், அங்கே 'குடும்பவிளக்கு'. திங்கள்சந்தைக்கு இந்தப் பக்கம் எத்தனை வீடுகளில் இரண்டையும் பார்த்தார்கள் தெரியுமா? என் மாமி, அதாவது என் மாமியார், பார்த்தார். பாக்கியாவையும் சுமித்ராவையும் ஒரே சாயங்காலத்தில் அடுத்தடுத்து வைத்து எடை போடுவார். மலையாளத்தில் ஒருத்தி மனசு உடையும்போது சில நேரம் ஒன்றும் ஒலிக்காது, தமிழில் அந்த இடத்தைப் பின்னணி இசையால் மூடிவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மாமிதான். "அவளெ ஒண்ணு அழ விடப்பிடாதா, என்னத்துக்கு இந்தக் கொட்டு" என்பார். நான் எழுதுகிற பாதி இந்த மாதிரி அவர் சொன்னது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒரே கதையின் இரண்டு வடிவத்தை ஒப்பிடுவதற்கு நீங்கள் கூட்டம் போட்டால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. மாமி கட்டிலில் இருந்து செய்தால் அதற்குப் பெயர் இல்லை.

மாமியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்கு வலித்தது அங்கேதான், அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசிப் பயனில்லை.

மாமி முதன்முதலாக டிவி பார்த்தது பக்கத்து வீட்டில். ஆண்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பி வைத்த காலம். 1985-இல் அங்கே மலையாள ஒளிபரப்பு தொடங்கியது, நம் ஊர்க்காரர்கள் செய்தியை மலையாளத்தில்தான் கேட்டார்கள். 1987-இல் ராமாயணம் வந்தது, ஞாயிறு காலை. மாமி வீட்டார் கிறிஸ்தவச் சபைக்காரர்கள், ஞாயிறு காலை ஆராதனை. முடிந்த உடனே வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிப்போய் அந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடிப்பார்களாம். அந்த வீட்டார் இந்துக்கள். மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்து ஐந்தே வருஷம் ஆகியிருந்தது. ஒரே தெருவில் முகம் பார்க்காமல் நடந்த நாட்கள் அவை என்று மாமி சொல்வார். அந்த வீட்டு அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே நின்றவர்களைப் பார்த்து, "மழைல நனையாம உள்ள வாருங்கோ" என்று சொன்னதும், இவர்கள் பாய் விரித்து உட்கார்ந்ததும், இந்தி தெரியாத எல்லாருக்கும் பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவர் கதை சொல்லிக் கொடுத்ததும் மாமிக்கு இன்றும் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. சமாதானக் கூட்டம் எத்தனையோ போட்டார்கள். மாமிக்கு அந்த வீட்டு வாசல் திறந்தது அந்த டிவியால்தான். இதையும் அழுகைக் கணக்கில்தான் எழுதுவீர்களா?

அப்புறம் அந்த 'வேலைவெட்டி'.

மாமி 31 வருஷம் அண்டியாபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை செய்தார். முதலில் உடைப்பு, பிறகு தோலுரிப்பு. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை. கிலோ கணக்கில் கூலி, பருப்பு உடைந்தால் கூலி குறையும். அண்டியின் ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்து போகும். நான் 1999-இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மாமி என் கன்னத்தைத் தொடாமல் புறங்கையால்தான் தடவுவார். விரல் நுனி சொரசொரப்பாக இருக்கும், பிள்ளைக்கு உறுத்தும் என்று.

அந்த வருஷக் கடைசியில்தான் 'சித்தி' தொடங்கியது. மாமி வேலை முடிந்து வந்து, குளித்து, ஜெபம் முடித்து, விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டே ராதிகாவைப் பார்ப்பார். மறுநாள் ஆபீசில், டிவி இல்லாத வீட்டுப் பெண்களுக்குக் கதை சொல்வது மாமியின் வேலை. சும்மா சொல்வதில்லை, யார் எப்படித் திரும்பினாள், எந்த இடத்தில் குரல் கம்மியது என்று நடித்தே காட்டுவாராம். கை பருப்புத் தோலை உரித்துக்கொண்டிருக்கும், வாய் கதை சொல்லும். மேஸ்திரி அதட்டினால் நிறுத்திவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் விட்ட இடத்தில் தொடங்குவார். சுற்றி இருபது பெண்கள். அவர்களில் ஒருத்தியாவது வேலைவெட்டி இல்லாதவளா சார்?

மாமிக்குக் கண்ணில் பிரஷர் வந்து நாலு வருஷமாகப் பார்வை இல்லை. கடைசியாகக் கண்ணால் முழுசாகப் பார்த்தது, 2020 ஊரடங்கில் மறுபடி போட்ட 'மெட்டி ஒலி'. திருமுருகன் எடுத்தது, முதலில் 2002-இல் வந்தது. தாயில்லாத ஐந்து பெண்களும், டெல்லி குமார் நடித்த அந்த அப்பா சிதம்பரமும். மகள்களைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் நுழையும்போது அந்த மனிதர் உடம்பு குறுகிப் போகும். இப்போது நான் போனில் அந்தப் பழைய பகுதிகளைப் போடுகிறேன், மாமி கேட்கிறார். "இப்பம் செருப்பெக் கழத்தி ஓரமா வைக்காரா?" என்பார். நான் பார்த்தால் வாசலில் அப்படித்தான் நிற்பார். இன்றைய தொடர்களில் யாரும் இப்படி வாசலில் நிற்பதே இல்லை, வந்ததும் வசனம்தான். நான் அடுத்து எழுத நினைத்திருந்தது இதைத்தான். இப்போது எழுதக் கை வரவில்லை.

எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி இறந்தார். அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி. அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். பார்க்கிறவர்கள் முகம் மாறியதைப் பேசினார்கள். மாமிக்கு முகம் ஏது? "அவனுக்க ஒச்ச போச்சே மக்களே" என்று சொல்லி அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை. அந்த ஆளைத் தினமும் திட்டியவர். அதட்டும் அந்தக் குரல் வந்தாலே "வந்தாச்சு சனியன்" என்பார். நடித்தவருக்காக அன்று ராத்திரி ஜெபத்தில் பேர் சொல்லி வேண்டினார். கதையில் வருகிறவன் வேறு, நடித்தவர் வேறு என்று அவருக்குத் தெரியும் சார். சீரியல் பார்க்கிற பெண்களுக்கு அது தெரியாது என்று நீங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என் பதிவுக்கு வருகிற கமெண்டுகளை என் மகன் மாமிக்கு வாசித்துக் காட்டுவான். சனிக்கிழமை ராத்திரி அது ஒரு வழக்கம். தான் சொன்னதை நாலு பேர் பேசுகிறார்கள் என்று மாமிக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு அவன் வேகமாக வாசித்துக்கொண்டே போனவன், உங்கள் வரியையும் வாசித்துவிட்டான். பாதியில்தான் அவனுக்கே புரிந்தது. நிறுத்தினான். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நான் வேல இல்லாமலா கெடந்தேன் மக்களே?" என்று கேட்டார்.

தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதே என்று இரண்டு பேர் உள்பெட்டியில் சொன்னார்கள். பொதுவாகச் சொன்னாராம். பொதுவாகச் சொல்வது யார் வீட்டில் போய் விழும் என்று நினைக்க வேண்டாமா? நீங்கள் சொன்ன அந்தப் பொம்பளைகள் உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். காலையில் அண்டியாபீசுக்கும் ரப்பர் வெட்டுக்கும் மீன் சந்தைக்கும் போய்விட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்காருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலை இல்லாதவர்கள் என்கிறீர்கள்.

மன்னிப்பு எனக்கு வேண்டாம். அந்த 43 பேரும் சிரிப்பை எடுக்கவும் வேண்டாம். நான் தொடர்ந்து எழுதுவேன். நீங்கள் மெட்டி ஒலியில் பத்துப் பகுதி பாருங்கள், பார்த்துவிட்டுத் திட்டுங்கள். உங்கள் திட்டை நானே மாமிக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவர் பதில் சொல்வார்.

நேற்று ராத்திரி படுக்கப் போகும்போது மாமி மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். "அந்த சாருக்க வீட்டுல டிவி இல்லியா?"

"இருக்கும் மாமி" என்றேன்.

"அப்பம் அவருக்க பெண்டாட்டி பாக்கப்பட்டவளாத்தான் இருப்பா. அவகிட்ட ஒண்ணு கேக்கச் சொல்லு."