மாமாவின் ஜன்னலும் எண்ணூர்க் கரியும்

இந்தக் கத்திரியில் எங்கள் ஃபிளாட்டில் நடந்த பெரிய சண்டை தண்ணீர் லாரிக்காக இல்லை, ஏசி அவுட்டோர் யூனிட்டுக்காக. மேற்கு மாம்பலத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கும்? கையை நீட்டினால் பக்கத்துக் கொடியில் காயும் துண்டை எடுத்துவிடலாம். அந்தச் சந்துக்குள் பதினோரு யூனிட். புதிதாக ஒருவர் மாட்டியது இரண்டாவது மாடி மாமாவின் சமையலறை ஜன்னலுக்கு நேராக ஊதுகிறது.

அசோசியேஷன் கூட்டத்தில் மாமா எழுந்தார். "உலகம் ஏன் சூடாறதுன்னு கேக்கறேளே, இதனாலதான். ஏசி, கார், ஃபேக்டரி எல்லாம் சூட்டைக் கக்கினா பூமி என்ன பண்ணும்?" எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ராத்திரி படுத்த பிறகுதான் எங்கோ உதைத்தது.

எங்கள் சந்து வரைக்கும் அவர் சொன்னது சரி. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் அறையிலிருந்து ஐந்து கிலோவாட் சொச்சம் வெப்பத்தை இழுக்கும். அதற்குத் தின்னும் மின்சாரம் சுமார் ஒன்றரை கிலோவாட். இரண்டும் சேர்ந்துதான் வெளியே வருகிறது. மூன்று இண்டக்‌ஷன் அடுப்பை முழுச் சூட்டில் வைத்து ஜன்னலோரம் அடுக்கியதுபோல. ராத்திரி பதினோரு மணிக்கும் எங்கள் சுவர் சுடுவதற்குக் கான்கிரீட்டும் தார்ச் சாலையும் வெட்டிய மரங்களும் காரணம் என்றால், இதற்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் பூமிக் கணக்கு வேறு. உலகத்தில் மனிதர்கள் பயன்படுத்தும் ஆற்றல் மொத்தத்தையும் கூட்டினால் சுமார் 20 லட்சம் கோடி வாட். கேட்கவே பயமாக இருக்கிறது. அதைப் பூமிப் பரப்பு முழுவதும் நிரவிவிட்டால், எங்கள் ஹால் அளவுக்கு, அதாவது 270 சதுர அடிக்கு, வருவது ஒரே ஒரு வாட். இதுவரை காற்றில் நாம் சேர்த்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதே ஹாலுக்குப் பிடித்து வைக்கும் வெப்பம் 50 வாட்டுக்கு மேல். பழைய குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் அணைக்காமல் எரியவிட்டதுபோல.

இதை ஒருவர் நேற்றுக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. இந்த வாயு வெப்பத்தை விழுங்கும் என்று ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி சோதனைச் சாலையில் காட்டியது 1859 வாக்கில். இந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ் கையால் கணக்குப் போட்டது 1896இல். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த இந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

எனக்குத் தூக்கி வாரிப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. நிலக்கரியோ டீசலோ எரியும்போது வரும் சூடு அன்றோடு சரி. அதிலிருந்து வெளியேறிய வாயு, இரண்டே மாதத்துக்குள் அதே அளவு வெப்பத்தைப் பூமியில் பிடித்து வைத்துவிடுகிறது. இரண்டு மாதம் என்றால் நம் ஊரில் ஈபி ரீடிங் எடுக்க ஆள் வரும் இடைவெளி. அதோடு விடுவதும் இல்லை. காற்றில் அது தங்கியிருக்கும் காலம் முழுவதையும் சேர்த்தால், எரித்த சூட்டைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். கந்துவட்டிக்காரர்கூட இப்படிக் கேட்க மாட்டார்.

அசல் வாங்கிய இடம் நம் கண்ணில் படுவதில்லை, அதுதான் சிக்கல். அது எண்ணூர்ப் பக்கம், அத்திப்பட்டில், வல்லூரில் இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடு போகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. மாமா வீட்டு ஜன்னலுக்குக் கூட்டம் போடுகிறோம், எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்காகச் சாம்பலைப் பற்றிக் கத்துவது நம் காதில் விழுவதில்லை. நானும் அந்த லட்சணம்தான்.

(ஒரு பக்கக் குறிப்பு: பழைய ஏசியைக் கழற்றும்போது மெக்கானிக் புஸ்ஸென்று கேஸைத் திறந்துவிடுவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். பழைய ஏசிக்குள் குளிர்விக்க ஓடும் ஆர் 22 கேஸ் ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடு 1,800 கிலோவுக்குச் சமம். மாதக்கணக்கில் ஏசி ஓட்டிய பாவம் ஒரு நிமிஷத்தில் வந்து சேரும்.)

ஆகவே, ஏசி போடாதே என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். மே மாதச் சென்னையில் அப்படிச் சொல்பவர் ஒன்று ஊட்டியில் இருக்க வேண்டும், இல்லை பொய் சொல்ல வேண்டும். முப்பந்தல் காற்றாலையிலிருந்தோ கமுதி சோலாரிலிருந்தோ மின்சாரம் வந்தாலும் அவுட்டோர் யூனிட் சந்துக்குள் ஊதத்தான் ஊதும், ஆனால் அந்த வட்டி ஏறாது. என் சண்டை ஏசியோடு இல்லை, கரியோடு.

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்றலாம், காப்பர் பைப் செலவை மாட்டியவரே ஏற்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தச் சூட்டோடு, மாடியில் பொதுவாக சோலார் பேனலும் போட்டுவிடலாமே என்றேன். மாமா தலையாட்டினார். மாமிதான் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "சரி, அப்புறம் வடாம் எங்க பிழியறது?"

அந்தத் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.